கடைசி வீட்டுக் குழாய்

அன்னைக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் வராண்டாவில் இருந்தது மொத்தம் பத்து பேர். சித்தூரில் இருந்து வந்த வக்கீலம்மா, அவங்க கூடப் பேப்பர் கட்டைத் தூக்கிக்கினு வந்த கிளார்க், எங்க பஞ்சாயத்து செக்ரட்டரி, அம்மன் கோயில் தர்மகர்த்தா, அங்கன்வாடி டீச்சர், மாசா மாசம் காசு சேர்க்கிற பொதுப்பு சங்கத்துப் பொம்பளைங்க ரெண்டு பேர், டீ கொண்டாந்துட்டுக் காலி டம்ளருக்காக உட்கார்ந்துட்ட டீக்கடைக்காரர், கடைசி வீட்டு அக்கா, அப்புறம் நான். இந்தக் கணக்கில் தப்பே இருக்காது. அதுக்கப்புறம் இந்தப் பத்து பேரை எத்தனை தரம் விரல் விட்டு எண்ணி இருப்பேன்னு எனக்கே தெரியாது.

எங்க ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கு. பஸ் நிக்கிற இடத்தில் இருந்து ஒரு மைல் உள்ளே நடக்கணும். வீட்டில் பேசறது தமிழ், ஆபீஸில் எழுதறது தெலுங்கு. இது நடந்தது போன வருஷம் ஏப்ரல் மாசம். நான் ஏழாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க. நடந்ததையாவது தப்பில்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

பஞ்சாயத்தில் தண்ணி விடற வேலை எனக்கு. காலையில் மோட்டார் போட்டு டேங்க் நிரப்பி, தெருத்தெருவா வால்வு திறந்து மூடணும். மாசம் ஒரு தரம் வீட்டுக்கு வீடு போய் குழாய்க் காசு ஐம்பது ரூபாய் வாங்கணும். சின்ன வேலைதான். ஆனா எனக்குச் சின்ன விஷயம்னு ஒண்ணு கிடையாது. எல்லாத்துக்கும் பயம். வால்வை மூடிட்டு வந்து சோத்தில் கை வெச்சாலும், மூடினோமா இல்லையான்னு பாதியில் எழுந்து போய்ப் பார்த்துட்டு வருவேன். "போ போ, உன்னைக் காணோம்னு வால்வு அழுவுது"ன்னு என் வீட்டுக்காரி கிண்டல் பண்ணுவா.

குழாய்க் காசு வாங்கப் போகும்போது கையில் ஒரு நோட்டு கொண்டு போவேன். அந்த நோட்டைப் பத்தித்தான் சொல்லணும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். நடுவில் கோடு. இடது பக்கம் அம்மன், வலது பக்கம் தண்ணி. எங்க ஊரில் ஆடி மாசம் அம்மன் ஜாத்திரை நடக்கும். மேளம், பந்தல், அன்னதானம் எல்லாத்துக்கும் வெளியில் கைமாத்து வாங்கி முதல்ல செலவு பண்ணிடுவாங்க. அப்புறம் தலைக்கட்டு வரின்னு வீட்டுக்கு இவ்வளவுன்னு போட்டு வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா வசூல் பண்ணுவாங்க. எப்படியும் வீடு வீடாப் போறவன் நான்தானேன்னு அந்த வசூலும் என் தலையில். எனக்கு முன்னாடி இந்த வேலை பார்த்தவர் நோட்டைக் கையில் குடுக்கும்போதே சொல்லிட்டார்: வர்ற முதல் காசு அம்மனுக்கு, அது நிரம்பின அப்புறம்தான் தண்ணிக்கு. யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க, நாமளும் சொல்லத் தேவையில்லை. அப்படியே நடந்தது. ரெண்டும் கட்ட வேண்டியவங்கதானே, முன்னே பின்னே ஆனா என்ன?

கடைசி வீட்டு அக்கா மட்டும் எதுக்குன்னு சொல்லிக் குடுப்பாங்க. அவங்க வீட்டுக்காரர் செத்துப் பல வருஷம் ஆவுது. அவர் படுக்கையில் கிடந்தப்போ புத்தூரில் இருந்து ஜெபம் பண்றவங்க வந்து பார்த்துக்கினாங்க. அதுக்கப்புறம் அக்கா ஞாயித்துக்கிழமை ஆனா புத்தூர் பஸ் ஏறிடுவாங்க. பேரை மாத்தலை, பொட்டு மட்டும் வைக்கிறதில்லை. மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரிக்குப் போய் மாங்காய் நறுக்குவாங்க. மாங்காய்ப் பால் பட்டு விரல் எல்லாம் கறுத்துப் போயிருக்கும். அந்த விரலால ஐம்பது ரூபாயை நீட்டி, மாசா மாசம் ஒரே பேச்சு.

"இது தண்ணிக்கு மட்டும் தம்பி. ஜாத்திரைக்கு நான் குடுக்கறதில்ல. உனுக்குத் தெரியும். எழுதிக்கோ."

"எழுதிக்கறேன்க்கா."

"ரசீது?"

"ஆபீஸ்ல இருந்து மொத்தமா வரும்க்கா."

எழுதினேன். இடது பக்கத்தில் எழுதினேன்.

ஏன் அப்படிப் பண்ணினேன்னு பல விதமா யோசிச்சுப் பார்த்துட்டேன். அக்கா மதம் மாறின புதுசில் பக்கத்து ஊரில் ஒரு குடும்பம் தலைக்கட்டு வரி தர மாட்டோம்னு சொல்லிடுச்சு. ஊர்க் கட்டுப்பாடு போட்டுட்டாங்க. மளிகைக் கடையில் உப்பு குடுக்கலை, கூலிக்குக் கூப்பிடலை, அவங்க வீட்டுச் சாவுக்குத் தோள் குடுக்க ஆள் இல்லை. அதை நான் நேரில் பார்த்தேன். எங்க ஊரில் அக்கா வரி தரலைன்னு தெரிஞ்சா இதே கதிதான்னு எனக்கு ராத்திரியெல்லாம் ஒரே நடுக்கம். அக்கா காசை அம்மன் பக்கம் போட்டுட்டா யாருக்கும் எதுவும் தெரியாது, அவங்களும் நிம்மதி, ஊரும் நிம்மதின்னு நினைச்சேன். இது பாதி நிஜம். மீதியையும் சொல்லிடறேன். வரி குறைஞ்சா தர்மகர்த்தா என்னைத்தான் நிக்க வெச்சுக் கேப்பார். அந்தப் பயமும் இருந்தது. எது பெரிசுன்னு இப்போ என்னால பிரிச்சுச் சொல்ல முடியலை.

மூணு வருஷம் இப்படியே ஓடிச்சு. முதல் வருஷம் வரி ஐநூறு, ரெண்டாவது வருஷமும் ஐநூறு, மூணாவது வருஷம் அறுநூறு. அக்கா தண்ணிக்குக் கட்டினதில் ஆயிரத்து அறுநூறு ரூபாய் அம்மன் கணக்குக்குப் போயிடுச்சு. வருஷா வருஷம் கோயில் செவுத்தில் வரி கட்டினவங்க பேரை எழுதி சார்ட் ஒட்டுவாங்க. அதில் அக்கா பேரும் வந்தது. அக்கா அந்தப் பக்கம் போறதில்லை, அதனால் பார்க்கலை. பார்த்தவங்க, "சாமி மாறினாலும் ஊரை மறக்கலை பாரு"ன்னு பெருமையாப் பேசினாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்கூட இருந்தது. நல்லதுதான் பண்றோம்னு.

அப்புறம் புது செக்ரட்டரி வந்தார். சின்ன வயசு, தெலுங்குக்காரர், எங்களோட தமிழ் பேசப் பழகிக்கினு இருந்தார். எல்லாக் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஏத்தினார். ஆயிரத்து ஐநூறுக்கு மேல தண்ணி பாக்கி இருக்கிற வீடு மூணு வந்தது. ரெண்டு வீட்டுக்காரங்க திட்டிக்கினே கட்டிட்டாங்க. மூணாவது வீடு அக்காவோடது. "நான் ஒரு மாசம்கூட வெச்சதில்ல, எதுக்குக் கட்டணும்?"னு கேட்டுட்டாங்க. இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி ஆர்டர். துண்டிக்க வேண்டியது யாரு? நான்தான்.

ஏப்ரல் பத்தாம் தேதி. பைப் ரெஞ்சு எடுத்துக்கினு போனேன். அக்கா வாசலில் துணி அலசிக்கினு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் பக்கெட்டில் மீதி இருந்த தண்ணியைக் குடத்தில் ஊத்தி மூடி வெச்சாங்க. நான் குழாயைக் கழட்டி அந்த இடத்தில் டம்மி மூடியைப் போட்டேன். மரை சரியா ஏறலை. ரெண்டு தரம் கழட்டி மாட்டினேன்.

"தம்பி, நீதானே வாங்கின?"

"செக்ரட்டரிகிட்ட பேசறேன்க்கா."

பேசலை. தினம் காலையில் பேசணும்னு கிளம்புவேன். ஆபீஸ் வாசல் வந்ததும் மோட்டார் ரூம் பக்கம் திரும்பிடுவேன்.

பத்து நாள் கழிச்சுத்தான் அந்தக் கூட்டம். ஜனங்களுக்குச் சட்டத்தைப் பத்திச் சொல்லித் தரணும்னு ஊர் ஊராப் போய்ப் பேசறவங்களாம் அந்த வக்கீலம்மா. தண்டோரா போட்டும் வந்தது இவ்வளவு பேர்தான். டீச்சரையும் சங்கத்துப் பொம்பளைங்களையும் செக்ரட்டரி கட்டாயப்படுத்திக் கூப்பிட்டார். தர்மகர்த்தா ஃபேன் காத்துக்கு வந்தேன்னார். அக்காவை யாரும் கூப்பிடலை. தானா வந்து தூண் ஓரமா உட்கார்ந்தாங்க.

வக்கீலம்மா பாதி தெலுங்கு, பாதி தமிழ். சட்டத்தில் மதத்தைப் பத்தி என்ன எழுதி இருக்குன்னு சொன்னாங்க. யார் எந்தச் சாமியை வேணும்னாலும் கும்பிடலாம், கும்பிடாமலும் இருக்கலாம். ஆனா சர்க்காருக்குன்னு ஒரு சாமி கிடையாது. பஞ்சாயத்துக்கும் கிடையாது. கோயிலுக்குக் குடுக்கிறது, சர்ச்சுக்குக் குடுக்கிறது, மசூதிக்குக் குடுக்கிறது எல்லாம் அவங்கவங்க இஷ்டம். ஒரு மதத்தை வளர்க்க யார்கிட்டேயும் கட்டாய வரி வாங்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்திலேயே இருக்காம்.

மேஜை மேல அவங்களுக்காக வெச்ச மோரும் தண்ணியும் இருந்தது. ரெண்டு டம்ளரையும் தூக்கிக் காட்டினாங்க.

"மோர் நல்லது. தண்ணியும் நல்லது. ரெண்டையும் ஒண்ணா ஊத்திட்டு, அப்புறம் எனக்குத் தண்ணி மட்டும் வேணும்னு ஒருத்தர் கேட்டா பிரிச்சுக் குடுக்க முடியுமா? முடியாது. அதனால முதல்லயே வேற வேற டம்ளர். அர்த்தம் ஆச்சா?"

"நீர்மோர்தானேம்மா, அப்படியே குடிச்சிட வேண்டியதுதான்"னு டீக்கடைக்காரர் சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. வக்கீலம்மாவும் சிரிச்சாங்க. நோட்டு என் மடியில் இருந்தது. மேல துண்டைப் போட்டு மூடினேன்.

யாராவது கேள்வி கேளுங்கன்னு அவங்க சொன்னதும் அக்கா எழுந்து நின்னாங்க. முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கினு, "நான் மாசா மாசம் தண்ணிக்குக் காசு கட்டறேன். கட்டலைன்னு குழாயைப் புடுங்கிட்டாங்க. இன்னா நியாயம்?"னு கேட்டாங்க.

இது மதத்தைப் பத்தின கேள்வி இல்லையேன்னு வக்கீலம்மா முதல்ல தயங்கினாங்க. அப்புறம் கணக்கு எங்கேன்னு செக்ரட்டரியைக் கேட்டாங்க. செக்ரட்டரி என்னைப் பார்த்தார். நோட்டைக் குடுத்தேன். அக்கா வீட்டுப் பக்கத்தைப் புரட்டி வக்கீலம்மா கொஞ்ச நேரம் பார்த்தாங்க. இடது பக்கம் நிறைய. வலது பக்கம் நாலே நாலு தரம்தான் எழுதி இருந்தது.

"இடது பக்கம் என்ன?"

"அம்மன் வரிம்மா"ன்னு தர்மகர்த்தாதான் பதில் சொன்னார். "குறை சொல்ல முடியாது. இந்தப் பொம்பளை மூணு வருஷமா ஒழுங்காக் குடுத்துக்கினு வர்றா. கோயில் செவுத்துல பேரே இருக்குது."

அக்கா முகத்தை நான் பார்க்கலைன்னு சொன்னா பொய். பார்த்தேன். முதல்ல புரியலை அவங்களுக்கு. அப்புறம் புரிஞ்சது.

"நான் குடுக்கல. ஒரு ரூபா குடுக்கல. இது தண்ணிக் காசு. தம்பி, சொல்லு."

"குடுத்துட்டு இப்ப இல்லேன்றியா? அம்மன்கிட்டயே விளையாடறியா?"ன்னு தர்மகர்த்தா குரலை உயர்த்தினார்.

வக்கீலம்மா கையைக் காட்டி ரெண்டு பேரையும் நிறுத்தினாங்க. என் பக்கம் திரும்பி ரொம்பப் பொறுமையாக் கேட்டாங்க: "அண்ணா, வாங்கினது நீங்க. அவங்க இதை எதுக்குன்னு சொல்லிக் குடுத்தாங்க? தண்ணிக்கா, கோயிலுக்கா? அதை மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

ஒரே ஒரு வார்த்தை. தண்ணிக்கு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

பத்து பேரில் ஒம்பது பேர் என்னைப் பார்த்துக்கினு இருந்தாங்க. தர்மகர்த்தா மீசையைத் தடவிக்கினு இருந்தார். செக்ரட்டரி பேனா மூடியைத் திறந்து வெச்சிருந்தார். பஞ்சாயத்துக் காசைக் கோயிலுக்குப் போட்டேன்னு சொன்னா வேலை போகும். அக்கா தரலைன்னு சொன்னா ஊர் என்னைச் சும்மா விடாது. காசு விஷயத்தில் எதையும் மறக்காத ஆள் நான். எந்த வீட்டில் எந்த மாசம் கிழிஞ்ச நோட்டு குடுத்தாங்கன்னுகூடச் சொல்லுவேன்.

"ஞாபகம் இல்லீங்க"ன்னு சொன்னேன்.

வக்கீலம்மா நோட்டை மூடி மேஜை மேல வெச்சாங்க. எழுத்து மூலமா ஒண்ணும் இல்லாம, வாங்கினவரும் சொல்லாம அங்கேயே முடிவு பண்ண முடியாது, சித்தூருக்கு வந்து மனு குடுங்கன்னு அக்காகிட்ட சொன்னாங்க. விலாசம் எழுதின சீட்டை நீட்டினாங்க. அக்கா சீட்டை வாங்கலை. என்னைத் திட்டலை, அழவும் இல்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கினு வெயிலில் இறங்கிப் போயிட்டாங்க. வக்கீலம்மாவுக்கு அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு நேரம் ஆயிடுச்சு. மோர் அப்படியே இருந்தது.

எதுக்குப் பயந்து மூணு வருஷம் பொய் எழுதினேனோ, அது ஒரே வாரத்தில் நடந்தது. அம்மனுக்குக் குடுத்த காசை இல்லைன்னு சொன்னவள்னு ஊரெல்லாம் பேச்சு. குழாய் இல்லாத அக்கா கழனியில் இருக்கிற போர் பம்புக்குக் குடம் எடுத்துக்கினு போனா, "கரண்டு இல்ல"ன்னு மோட்டாரை நிறுத்திடுவாங்க. இன்னொரு பக்கம், புத்தூரில் ஜெபத்துக்கு வர்றவங்களில் ஒரு அம்மா அந்த சார்ட்டை முன்னாடியே பார்த்திருந்தாங்களாம். இங்கே ஜெபம், அங்கே வரியான்னு ஒரு வருஷமா அக்காகிட்ட முகம் குடுத்துப் பேசலையாம். ஏன்னு அக்காவுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. ரெண்டு பக்கமும் அவங்களைப் பொய்க்காரி ஆக்கி வெச்சது என் பேனா.

மே மாசக் கடைசியில் அக்கா வீட்டைப் பூட்டினாங்க. பாகாலாவில் அவங்க பொண்ணைக் கட்டிக் குடுத்திருந்தாங்க, அங்கே போறதா ஏற்பாடு. மினி லாரியில் சாமான் ஏத்தினதும் நேரா மோட்டார் ரூமுக்கு வந்தாங்க. நான் எழுந்து நின்னேன். இப்பவாவது திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டினா நல்லா இருக்கும்னுகூட இருந்தது. ஐம்பது ரூபாயை நீட்டினாங்க.

"ஏப்ரல்ல பத்து நாள் தண்ணி புடிச்சேன். அதுக்கு. பாக்கி வெச்சிட்டுப் போனாள்னு பேரு வேணாம்."

"அக்கா..."

"தண்ணிக்கு. எழுதிக்கோ."

வலது பக்கத்தில் எழுதினேன். அவங்க நின்னு பார்த்துட்டுத்தான் போனாங்க.

அன்னைக்குச் சோறு இறங்கலை. என் வீட்டுக்காரிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "எல்லாத்துக்கும் பயப்படறியே, பொய் சொல்ல மட்டும் பயமே வரலையா உனுக்கு?"ன்னு கேட்டுட்டுத் தட்டை எடுத்துக்கினு உள்ளே போயிட்டா.

அடுத்த நாளே செக்ரட்டரிகிட்ட போனேன்னு எழுத ஆசைதான். மூணு மாசம் ஆச்சு. நடுவில் ஆடி ஜாத்திரையும் வந்து போயிடுச்சு. கடைசியில் ஒரு நாள் சொல்லிட்டேன். அவர் கதவைச் சாத்திட்டு வந்து உட்கார்ந்தார். "நீ இதை எழுத்துல குடுத்தா, நான் மேல அனுப்பணும், உன் வேலை போயிடும். குடுக்காதே. பணத்தை அந்தம்மா பேர்ல கட்டிடு. கோயில் வசூல் இனிமே இந்த நோட்டுல வேணாம். இந்த வேலை பார்க்கறவன் அதைத் தொடக் கூடாது"ன்னார். முழுசும் கட்டினாத்தான் குழாய் மறுபடியும் குடுக்க முடியும்னும் சொன்னார். வேலை போகலைன்னு தெரிஞ்சதும் எனக்கு வந்த நிம்மதி இருக்கே, அதை நினைச்சா இப்பவும் அசிங்கமா இருக்கு.

அப்புறம் சித்தூருக்குப் போனேன். வக்கீலம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியலை. மோரும் தண்ணியும்னு சொன்னதும் தெரிஞ்சுக்கினாங்க. கிளார்க்கும் அங்கேதான் இருந்தார். ரெண்டு பேர் முன்னாடியும் சொன்னேன்: அக்கா குடுத்தது தண்ணிக்குத்தான், எனக்கு நல்லா ஞாபகம் இருந்தது. அவங்க கோவிச்சுக்கலை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க.

"எத்தனையோ ஊர்ல பேசறேன் அண்ணா. பேசி முடிச்சா கை தட்டுவாங்க, டீ குடுப்பாங்க. எழுந்து நின்னு தனக்குன்னு நியாயம் கேட்டவங்க ரொம்பக் கம்மி. உங்க ஊர்ல ஒருத்தங்க கேட்டாங்க. அவங்களையும் வெறுங்கையோட அனுப்பிட்டோம்."

அனுப்பிட்டீங்கன்னு சொல்லலை. அனுப்பிட்டோம்னாங்க. அது எனக்கு இன்னும் கஷ்டமா இருந்தது.

திரும்பி வரும்போது பாகாலாவில் இறங்கினேன். விசாரிச்சு விசாரிச்சு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால ஒரு ஓட்டு வீட்டைக் கண்டுபிடிச்சேன். பொண்ணு வீட்டில் இடம் பத்தாமல் பக்கத்திலேயே ஒரு ரூம் எடுத்திருந்தாங்க அக்கா. என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து வெச்சாங்க. நான் அதைக் குடிக்கலை. கையில் இருந்த இருநூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். மீதியைச் சீக்கிரம் தர்றேன்னு சொன்னேன்.

அக்கா தொடலை.

"நான் உன்கிட்ட குடுத்து வெக்கல தம்பி. பஞ்சாயத்துக்குக் குடுத்தேன். அங்க கட்டு. என் பேர்ல ரசீது வரட்டும்."

"சரிக்கா."

"அப்புறம், அன்னைக்கு அங்க எத்தினி பேரு இருந்தாங்க?"

எண்ணிச் சொன்னேன். நம்ம ரெண்டு பேரைத் தவிர எட்டு.

"அந்த எட்டு பேருகிட்டயும் போய்ச் சொல்லு. நான் அம்மன்கிட்ட விளையாடலைன்னு சொல்லு. எனுக்கு அம்மன் மேல ஒரு கோவமும் இல்ல. நான் கும்பிடற சாமிகிட்ட இந்தக் கையால வேற எங்கயும் காணிக்கை வெக்க மாட்டேன்னு சொல்லி இருக்கேன். அந்தக் கையை நீ புடிச்சு எழுதிட்ட. அதான்."

கறுத்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கினே இதைச் சொன்னாங்க. தப்பு பண்ணிட்டேன்க்கான்னேன். "பஸ்ஸுக்கு நேரம் ஆவுது பாரு"ன்னாங்க. மன்னிச்சேன்னு சொல்லலை. கேக்கிற தைரியமும் எனக்கு இல்லை.

அதில் இருந்து ஒவ்வொருத்தராப் போய்ச் சொல்றேன். செக்ரட்டரி, வக்கீலம்மா, கிளார்க் மூணு பேருக்கும் முன்னாடியே சொல்லிட்டதால மிச்சம் அஞ்சு. அங்கன்வாடி டீச்சர் கேட்டுட்டு, "எனுக்கு அப்பவே தெரியும், உன் மூஞ்சி காட்டிக் குடுத்துச்சு"ன்னாங்க. தெரிஞ்சும் ஏன் பேசலைன்னு நான் கேக்கலை. அவங்களும் சொல்லலை. சங்கத்துப் பொம்பளைங்களில் ஒருத்தி தலையில் அடிச்சுக்கினா. இன்னொருத்தி, அக்காவுக்குக் குடத்துத் தண்ணி குடுக்காததில் தானும் ஒருத்தின்னு சொல்லி அழுதுட்டா. டீக்கடைக்காரர் மட்டும் ரொம்ப நேரம் டீயை ஆத்திக்கினே இருந்தார். அப்புறம், "நீர்மோர்னு சொல்லிச் சிரிச்சேனே நான்"ன்னார்.

ஏழு பேர் ஆச்சு. எட்டாவது தர்மகர்த்தா. அவர் வீட்டு கேட் வரைக்கும் நாலு தரம் போயிட்டேன். "இன்னாப்பா இந்தப் பக்கம்?"னு கேப்பார். வால்வு பார்க்க வந்தேன்னு சொல்லிட்டுத் திரும்பிடுவேன். அவர் வீட்டுப் பக்கம் வால்வே கிடையாது. அது அவருக்கும் தெரியும். கோயில் செவுத்தில் பழைய சார்ட் மூணும் இன்னும் தொங்குது. மழையில் பாதி பேர் கரைஞ்சு போச்சு. அக்கா பேர் மட்டும் நல்லாத் தெரியுது. அவருக்குச் சொல்லாமல் அதைக் கிழிக்கிறதும் திருட்டுத்தனம்தானேன்னு விட்டு வெச்சிருக்கேன்.

இப்போ என் கையில் தண்ணி நோட்டு மட்டும்தான். நடுவில் கோடு இல்லை. யார் காசு குடுத்தாலும், "எதுக்கு?"ன்னு கேட்டுட்டுத்தான் எழுதறேன். "தண்ணிக்குத்தான்டா, வேற எதுக்கு, உனுக்குப் பைத்தியமா?"ன்னு சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். அன்னைக்குக் கூட்டத்தில் வக்கீலம்மா குடுத்துட்டுப் போன சட்டப் பேப்பரை மடிச்சு நோட்டுக்குள்ள வெச்சிருக்கேன். எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பார்த்தேன். அதில் இருக்கிறது எல்லாம் எனக்குப் புரிஞ்சதுன்னு சொல்ல மாட்டேன். ஒருத்தங்க எதுக்குன்னு சொல்லிக் குடுக்கிற காசை, நம்ம சாமிக்குன்னாலும், நல்லதுக்குன்னாலும், நாம மாத்தி எழுதக் கூடாதுங்கிறது மட்டும் புரிஞ்சது. அதுக்கு ஒரு வீடு பூட்ட வேண்டி வந்தது.

தினம் காலையில் அக்கா வீட்டுத் தெரு வால்வைத் திறக்கும்போது எல்லா வீட்டுக் குழாயிலும் தண்ணி விழற சத்தம் வரிசையாக் கேக்கும். கடைசி வீட்டுக்கிட்ட வந்ததும் நின்னுடும். நான் போட்ட டம்மி மூடி அங்கே துருப்பிடிச்சுக்கினு இருக்கு. மாசா மாசம் சம்பளத்தில் இருநூறு ரூபாய் எடுத்து அக்கா பேரில் கட்டி, ரசீதை பாகாலாவுக்குத் தபாலில் அனுப்பறேன். பதில் வந்ததில்லை. இதுவரைக்கும் அஞ்சு ரசீது போயிருக்கு. சொல்ல வேண்டிய ஆள் இன்னும் ஒருத்தர், கட்ட வேண்டிய பாக்கி இன்னும் அறுநூறு ரூபாய்.